தோள்வலியும் நிலையாமையும்



செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்னும் மூன்று அதிகாரங்களையே நாலடியார் நூலின் தொடக்கத்தில் காண்கிறோம். இம்மூன்றும் ஒரே மனிதரிடத்தில் வெளிப்பட்டதை அறிய விரும்பினால், அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் வரலாற்றை நோக்கலாம். பிறர் உடலை வருத்திப் பொருள் ஈட்டும் அத்தொழில் அகிம்சை அறத்துக்கு உடன்பாடன்று. எனினும் அவ்வரலாறு தரும் படிப்பினை நமக்கு வேண்டும்.

1914ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். 1937இல் சிக்காகோவில் ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி, அதிக எடைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். ஏறத்தாழ 12 ஆண்டுகள் அப்பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்து, 25 முறை காத்தார். 1936இல் தம்மை வென்ற ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை, 1938இல் நியூயார்க்கில் 124 விநாடிகளில் வீழ்த்தினார். 1942இல் இரு போட்டிகளில் தமக்குக் கிடைத்த பங்கைத் தம் நாட்டுப் படையினரின் உதவி நிதிகளுக்கு ஈந்தார்.

1949இல் பட்டத்தை இழக்காமலேயே ஓய்வை அறிவித்தார். அங்கேயே அமைதியுற்றிருக்கலாம். ஆனால் ஈட்டிய செல்வம் கரைந்திருந்தது, வரிக்கடனோ வளர்ந்திருந்தது. பிற்காலத்தில் அது வட்டியுடன் 10 லட்சம் டாலரையும் தாண்டிற்று. கடன் துரத்த, 1950இல் மீண்டும் மேடையேறினார். 1951 அக்டோபரில், 37 வயதில், இளைஞர் ராக்கி மார்சியானோவிடம் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார். வென்றவரே தோற்றவருக்காகக் கண்ணீர் வடித்தார். பின்னர் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் பணியில் அமர்ந்தார். உலகையே வென்ற உடல் இறுதி நாள்களில் சக்கர நாற்காலியில் ஒடுங்கிற்று. 1981இல் அவர் மறைந்தார்.

கொடை நெஞ்சம் படைத்தவருக்கு ஏன் இந்நிலை என்று வினவுவோர் உண்டு. ஈந்த கொடையின் பயன் வேறு. வரவறியாச் செலவின் பயன் வேறு. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. வீரியாந்தராய வினை தணிந்தமையால் வாய்த்த தோள்வலியும், அத்தணிவு நீங்கியதும் நீங்கிவிடும்.

இனி நம் பாகுபலி பெருமானை நினைவோம். விருஷப தேவரின் திருக்குமாரர்களான பரதரும் பாகுபலியும், படைகள் மடியாதிருக்கும் பொருட்டு, நோக்கு, நீர், மல் என்னும் மூவகைப் போரில் எதிர்த்தனர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். தமையனைத் தோள்களுக்கு மேல் தூக்கியும், மண்ணில் மோதாமல் இறக்கிவிட்டார். சினந்த பரதர் ஏவிய சக்கரமும் அவரை வலம்வந்து நின்றது. நாடு கைக்குள் வந்த அந்நொடியிலேயே அவர் துறவு பூண்டார். ஓராண்டு கொடிகள் மேனியில் படரக் காயோத்சர்கத்தில் நின்றார். பரதர் வந்து வணங்கியபோது கேவலஞானம் எய்தினார். சிரவணபெளகொளக் குன்றில் இன்றும் நாம் தொழுவது போரிடும் கோலத்தையன்று. விட்டு நிற்கும் கோலத்தையே.

வலிமை எவரையும் விட்டு நீங்கும். அது நம்மை விடுமுன் நாம் அதன்மீதுள்ள பற்றை விட்டோமா என்பதே வினா. இல்லறத்தாராகிய நமக்கு, மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இதற்கே வகுக்கப்பட்டது. வருவாய் பெருகும் காலத்திலேயே தேவைக்கு வரம்பு கட்டுவோம், கடனின்றி வாழ்வோம், ‘போதும்’ என்று சொல்லப் பழகுவோம். தளர்ந்தபின் விடுவது துறவன்று, இழப்பே.

இறுதியாக ஒன்று. 1938இல் 124 விநாடிகளில் வீழ்ந்த அதே ஷ்மெலிங், பிற்காலத்தில் லூயிஸின் நண்பராகி, பொருளுதவி புரிந்து, அவருடைய ஈமச்செலவிலும் பங்கேற்றார். பட்டமும் பொருளும் உடலும் போயின. பகை விட்ட இடத்தில் முளைத்த நட்பு மட்டும் இறுதிவரை உடன் வந்தது. நாமும் இன்றே ஒருவரிடமேனும் பகை விடுவோம்.

அறம் வெல்க!