ஏடு காட்டும், இசைவு தருமா?

மருந்தால் நோயாளி பிழைக்கிறார் என்கிறோம். அந்த மருந்தே நோயாளியால்தான் பிறக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? ஆய்வுக்கூடத்திலே உருவான பொருள், மனித உடலிலே சோதிக்கப்பட்ட பிறகே மருந்தெனும் பெயர் பெறுகிறது. சோதனைக்கு உரியவர்களை எங்கே தேடுவது?

முன்பு காகிதக் கட்டுகளைப் புரட்டினர். இன்று நோயாளியின் வயது, நோய், இரத்தச் சோதனை, உண்ணும் மருந்து அத்தனையும் கணினி ஏட்டிலே! கேட்ட நொடியில் பட்டியல் வந்து நிற்கிறது.

நாம் அறிவியலின் பகைவரல்லர். 2020ஆம் ஆண்டு, கொரோனா கொன்று குவித்த நேரத்திலே, பிரிட்டனில் 'ரெக்கவரி' ஆய்வு நடந்தது. நோயாளியிடமோ, இயலாதவர் எனில் அவர் சார்பாளரிடமோ இசைவு பெற்றனர். பிழைத்தவர் யார், மாண்டவர் யார் என அறியக் கணினி ஏடுகளும் துணை நின்றன. மார்ச்சில் தொடங்கிய ஆய்வு ஜூனில் விடை தந்தது: டெக்சாமெத்தசோன் எனும் மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது!

மற்றொரு பட்டியலையும் பாருங்கள். அமெரிக்காவின் அலபாமாவிலே, டஸ்கீகி வட்டாரத்திலே, 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் கண்ட 399 கறுப்பின மக்களை, நோய் இன்னதென்றே கூறாமல், அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஆராய்ந்தது. பென்சிலின் அந்நோயைத் தீர்க்கும் எனத் தெரிந்த பிறகும் தரவில்லை. அவர்தம் பெயர்ப் பட்டியல் உள்ளூர் மருத்துவர்களிடம் தரப்பட்டது. எதற்கு? சிகிச்சை அளிக்காதிருப்பதற்கு!

அங்கே கேட்டனர், இங்கே மறைத்தனர். வேற்றுமை இதுதான்.

"பத்துப் பேரைக் காணப் பதினாயிரம் ஏடுகளைப் புரட்ட வேண்டுமே, அத்தனை பேரிடமும் முன்கூட்டிக் கேட்க இயலுமா?" என்பர். நியாயமான கேள்வி. தேடட்டும்; ஆனால் அறநெறிக் குழுவின் கண்காணிப்பிலே தேடட்டும். பெயர்கள் மருத்துவமனையின் வாயிலைத் தாண்ட வேண்டாம். நோயாளியிடம் முதலில் பேசுபவர், அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவராக இருக்கட்டும். "மாட்டேன்" என்பவருக்கும் சிகிச்சையிலே அணுவளவும் குறை நேரக் கூடாது. தன் ஏட்டையே தேடாதீர் என்பவருக்கு, அதைச் சொல்லவும் ஒரு வழி வேண்டும்.

பகுத்தறிவு நாடும் இளைஞர்களே! மருத்துவரை நம்பியன்றோ நோயாளி தன் வலியைச் சொன்னார்? அந்த நம்பிக்கை குலைந்தால், அடுத்த முறை உண்மையை மறைப்பார், ஏடே பொய்யாகும், ஆய்வும் பாழாகும். உரிமையைக் காப்பது அறிவியலையும் காப்பதாகும். ஏடு நோயைக் கூறும். விருப்பத்தை, மனிதரிடம்தான் கேட்டாக வேண்டும்.