கட்டப்படாத கட்டடத்தின் படமும் வாய்மையும்

இன்னும் அத்திவாரம் இடப்படாத ஒரு கட்டடத்தின் படம் பொய் சொல்லக் கூடுமா? உள்ள பொருளை உள்ளவாறு கூறுவது மெய், மாறாகக் கூறுவது பொய் என்பது பொதுவான கொள்கை. ஆனால் இங்கே ஒப்பிட்டு நோக்குவதற்கு உள்ள பொருள் எதுவும் இல்லை. படம் இருக்கின்றது, கட்டடம் இல்லை. ஆதலால் அப்படம் மெய்யும் அன்று, பொய்யும் அன்று என்று கூறி அமைந்துவிடலாம். எனினும் அப்படத்தை நம்பியே இன்று பெருந்தொகைப் பணம் கைமாறுகின்றது. மக்கள் தம் வாழ்நாட் சேமிப்பை முற்பணமாகக் கொடுக்கின்றனர். எனவே இவ்வினாவை வெறுந் தருக்க விளையாட்டாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இப்படங்கள் உருவாகும் முறையை முதற்கண் நோக்குவோம். கட்டடக் கலைஞரின் வரைபடத்தைக் கொண்டு கணினியில் முப்பரிமாண வடிவம் ஒன்று அமைக்கப்படுகின்றது. தொடக்கத்தில் அது வண்ணம் பூசாத களிமண் பொம்மையை ஒத்தது. அதன் ஒவ்வொரு பரப்புக்கும் நிறம், வழவழப்பு, ஒளியைத் தெறிக்கும் அளவு, ஒளியை ஊடுசெல்ல விடும் தன்மை என்பன எண்களாகக் கொடுக்கப்படுகின்றன. பின்னர்ச் சூரியனின் நிலை, வானத்தின் ஒளி, விளக்குகள், பார்வைக் கோணம் ஆகியன அமைக்கப்படுகின்றன. ஒளிக்கதிர்கள் செல்லும் வழியைக் கணித்துக் கணினி படத்தைத் தருகின்றது.

இக்கணிப்புக்கு அடிப்படையாக அமைவன பௌதிக விதிகளே. வழவழப்பற்ற பரப்பு ஒளியைச் சிதறச் செய்யும் முறையை லம்பேட் 1760இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு புள்ளியிலிருந்து வெளிவரும் ஒளி, அது தானே உமிழும் ஒளியும், எல்லாத் திசைகளிலுமிருந்து வந்து அதிற்பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்ந்ததே என்பதை ஜேம்ஸ் கஜியா 1986இல் ஒரு சமன்பாடாக வகுத்தார். முறிவுச் சுட்டி 1.5 உடைய கண்ணாடியை நேராக நோக்கும்போது அதன் ஒரு பரப்பு ஏறத்தாழ 4 சதவீத ஒளியையே தெறிக்கின்றது. சாய்வு மிகுந்தோறும் தெறிப்பும் மிகுகின்றது. எந்த வெள்ளைச் சுவரும் தன்மேற் படும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. அவ்வாறு தருமென எண் இட்டால் அறை இயற்கைக்கு மாறாக ஒளிரும். ஆகவே இத்தொழிலில் ஒருவகை நேர்மை உண்டு. பொருளின் இயல்புக்குப் பணிந்து எண்களைத் திருத்துபவனுக்கே நல்ல படம் கிட்டும்.

சிக்கலும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. இவ்விதிகளுள் ஒன்றையேனும் மீறாமல், பார்ப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்ல முடியும். காலை எட்டு மணி வெயில் பொய் வெயில் அன்று. அகன்ற கோணத்தில் நோக்கும்போது சிறிய அறை மண்டபம் போலத் தோன்றுவதும் ஒளியியல் விதிப்படியே. மழையின் கறை படியாத சுவர், கட்டி முடித்த முதல் நாளில் உண்மையாகவே அவ்வாறு இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே மெய். அனைத்தும் சேர்ந்து தோற்றுவிக்கும் நம்பிக்கை மெய் அன்று.

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் அறிந்தேன் அல்லேன். அலுவலகம் ஒன்றிற் சில மாதங்கள் இப்பணியைச் செய்தேன். கொழும்பில் எழவிருந்த தொடர்மாடி ஒன்றின் வரவேற்பறைப் படம் என்னிடம் தரப்பட்டது. அவ்வறையின் பெரிய யன்னல் மேற்கு நோக்கியது. பிற்பகற் சூரியனை அமைத்தபோது தரை முழுவதும் வெயில் பரந்து, அறை அடுப்படி போலாயிற்று. காலை நேரத்துக்கு மாற்றுமாறு கூறினர், மாற்றினேன். மென்மையான ஒளியில் அறை குளிர்ந்து தோன்றியது. யன்னலுக்கு வெளியே இருந்த வெற்றுக்காணியில் மரங்கள் சிலவற்றையும் நட்டேன். கணினியில் மரம் நடுவதற்கு ஒரு கணம் போதும். பின்னர் ஒருநாள், இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றதைக் கண்டேன். “தம்பி, மத்தியானத்துக்குப் பிறகும் இப்படித்தானே இருக்கும்?” என்று அவர் கேட்டார். அருகில் நின்ற விற்பனையாளர் ஆம் என்றார். நான் ஒன்றும் கூறவில்லை. அப்படத்தில் நான் இட்ட எண்களில் ஒன்றேனும் பிழையில்லை. ஆயினும் அந்த மௌனத்தை இன்றுவரை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். எந்தப் படமும் தெரிவு செய்தே காட்டும். அனைத்தையும் காட்டும் படம் என ஒன்றில்லை. விளம்பரப் படம் புனைவு என்பதைப் பார்ப்பவரும் அறிவர். புனைவைப் பொய் என்று பழித்தாற் கவிதையையும் ஓவியத்தையும் பழிக்க நேரும் என்பதே அம்மறுப்பு. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் புலனெறி வழக்கத்துக்கு அடிப்படையாதலைத் தொல்காப்பியர் ஏற்றுக்கொள்கிறார். புனைவு நமது இலக்கிய மரபில் இழுக்கன்று. ஆனால் அகப்பாடலைப் படிப்பவர் அதன் தலைவியைத் தேடி அவளது ஊருக்குச் செல்வதில்லை. இப்படத்தைப் பார்ப்பவரோ அவ்வறையிலேயே தம் முதுமையைக் கழிக்க எண்ணுகிறார். நாடக வழக்கால் ஆக்கப்பட்டதை உலகியல் வழக்காகக் கொள்ளுமாறு ஒருவரைத் தூண்டுவதிலேயே குற்றம் உளது. மேலும், வரைபடத்தைப் படிக்க அறியாதவர் படத்தையே நம்ப வேண்டியவராகிறார். அவருடைய அறியாமை நமக்குக் கடமையை உண்டாக்குகின்றது, உரிமையை உண்டாக்குவதில்லை.

இருப்பதையும் வரவிருப்பதையும் ஒருங்கே காட்டும் முறை புதியதன்று. ஆங்கிலத் தோட்டக் கலைஞர் ஹம்பிறி றெப்டன் (1752–1818) சிவப்பு அட்டையிட்ட ஏடுகளிலே தம் திட்டங்களை வரைந்து கொடுத்தார். இன்றுள்ள நிலத்தின் தோற்றம் ஒரு தாள்மடிப்பில் இருக்கும். அதனை விலக்கினால் வருங்காலத் தோற்றம் தெரியும். எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பதை ஒப்பிட்டு நோக்க அம்மடிப்பு இடந்தந்தது. நமது நாட்டில் ஜெப்ரி பாவாவின் (1919–2003) அலுவலகத்தில் லக்கி சேனநாயக்க முதலானோர் மரஞ்செடிகளையும் நுணுக்கமாக வரையும் ஒரு முறையை வளர்த்தனர். அங்கு மரம் வெறும் அலங்காரமன்று; கட்டடத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒன்று. நான் வெற்றுக்காணியில் நட்ட மரங்களோ எவராலும் எண்ணப்படாதவை.

பொருள் என்ற சொல்லே இங்கு ஆராயத்தக்கது. கணினியிற் பொருள் என்பது ஒரு பரப்பு மட்டுமே. அதற்கு நிறமும் பளபளப்பும் உண்டு. எடையில்லை, விலையில்லை, தீப்பற்றும் தன்மையும் இல்லை. இலண்டனில் கிறென்பெல் கோபுரம் என்னும் தொடர்மாடியில் 2017 யூன் 14ஆம் திகதி மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். அதன் வெளிப்புறத்தைப் போர்த்திய அலுமினியத் தகடுகளின் உள்ளே எளிதில் எரியும் பொலியெதிலீன் இருந்தது. முதலில் நாகத் தகடே எண்ணப்பட்டிருந்தது. பின்னர்ச் செலவைக் குறைக்க அது மாற்றப்பட்டது. அப்பேரழிவுக்குப் படம் காரணமன்று. பலரின் தவறுகளை 2024இல் வெளியான விசாரணையின் இறுதி அறிக்கை எடுத்துக் கூறியுள்ளது. எனினும் ஓர் உண்மை நோக்கத்தக்கது: படத்தில் நாகத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வேறுபாடு சிறு சாயல் வேறுபாடு மட்டுமே, எரியும் உள்ளீட்டுக்கும் எரியாத உள்ளீட்டுக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. தோற்றத்தை வைத்தே முடிவு செய்யப் பழகிய கண், உயிரைக் காக்கும் வேறுபாட்டைக் காண்பதில்லை.

அவ்வாறாயின் இத்தகைய படத்துக்கு வாய்மையின் அளவுகோல் யாது? வள்ளுவர் வாய்மையை வரையறுக்கும்போது உள்ளதோடு ஒத்திருத்தலை அளவாகக் கொள்ளவில்லை. பிறருக்குத் தீங்கு பயவாமையையே அளவாகக் கொண்டார். ஒப்பிடுதற்குப் பொருளே இல்லாத இடத்தில் இவ்வரையறையே நமக்குத் துணையாகின்றது. குற்றமற்ற நன்மையைத் தருமாயிற் பொய்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவர் கூறியதைச் சிலர் தமக்குச் சாதகமாகக் காட்டக்கூடும். ஆனால் அங்கு வேண்டப்படுவது குற்றமற்ற நன்மை. விற்பவருக்கு நன்மையும் வாங்குபவருக்கு வெக்கையுமாக முடிவது அத்தகையதன்று.

இதிலிருந்து நடைமுறைக்குரிய சில கடமைகள் பிறக்கின்றன. படத்தின் கீழே மாதத்தையும் நேரத்தையும் பார்வைக் கோணத்தையும் குறித்தல் வேண்டும். இனிய வேளையைக் காட்டும்போது கடிய வேளையையும் காட்டுதல் வேண்டும். இன்னும் முடிவு செய்யப்படாத பொருளைப் பளிங்காகக் காட்டாது, நிறமற்ற சாம்பலாகவே விட்டுவிடுதல் வேண்டும். மழைக்காலம் பல கண்ட சுவரையும் ஒருமுறை வரைந்து பார்த்தல் நன்று. இவை எவையும் படத்தின் அழகைக் கெடுப்பன அல்ல. காண்பவரை ஏமாறும் நிலையிலிருந்து தாமே தீர்மானிக்கும் நிலைக்கு உயர்த்துவன.

கட்டப்படாத கட்டடத்தின் படம் செய்தியன்று, வாக்குறுதி. வாக்குறுதி கொடுக்கப்படும் வேளையில் அதனோடு ஒப்பிடப் பொருள் எதுவும் இருப்பதில்லை. ஆயினும் கொடுப்பவன் அதைக் காக்க எண்ணுகிறானா என்பது அவ்வேளையிலேயே மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கின்றது. அந்த ஆசிரியை என்னிடம் கேட்டது ஒளியைப் பற்றிய கேள்வியன்று. சூரியனை எந்த வேளையில் நிறுத்துவது என்று தீர்மானித்தவன், மற்ற வேளைகளுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவன்.