இசைக்குப் பொறுப்பேற்பவர் யார்?

பியானோ வாசிக்கத் தெரியாத ஒருவர் பியானோவுக்கு ஓர் இசைப்படைப்பை இயற்றலாமா? இயற்றினால், அது அவருடையதுதானா? ஒரு தலைமுறைக்கு முன்பு இவ்வினா இசைக்கல்லூரிகளின் சுவர்களுக்குள் அடங்கியிருந்தது. இன்றோ கடலூர்த் துறைமுகப் பகுதியிலும், சிதம்பரத்து மாணவர் விடுதிகளிலும் அது எழுகிறது. உப்புக்காற்று வீசும் நம் கடற்கரை ஊர்களில் பியானோ உள்ள வீடு அரிது. ஈரம் மரத்தை உப்பச் செய்யும். கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும். ஆனால் கணினி இருக்கிறது. மியூஸ்ஸ்கோர் போன்ற விலையில்லா மென்பொருளும் இருக்கிறது. திரையில் சுரங்களைக் குறித்தால், அவை பியானோவின் ஒலியாகவே நம் செவிக்குத் திரும்புகின்றன.

இவ்வழியில் இசை எழுத முற்படும் இளைஞர் சிலரை நாம் அறிவோம். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் மலர்ந்த ரொமான்டிக் மரபின் சிறிய தனிப் பியானோப் படைப்புகளே அவர்களைக் கவர்கின்றன. போலந்து நாட்டவரான ஷோபான் 1839-இல் வெளியிட்ட 24 சிறு படைப்புகள் அவ்வகைக்குச் சிறந்த சான்று. அவற்றுள் ஒன்று வெறும் 16 தாளப்பகுதிகளில் முடிந்துவிடுகிறது. மற்றொன்று, 1849-இல் பாரிஸ் நகரின் மதலேன் ஆலயத்தில் நடந்த அவருடைய அடக்கச் சடங்கிலேயே ஆர்கனில் இசைக்கப்பட்டது. சிறியவை என்பதால் இவை எளியவை ஆகிவிடா. இடக்கை காலத்தைக் காத்து நிற்க, வலக்கை சற்றே தயங்கியும் சற்றே விரைந்தும் பாடிச் செல்லும். ஒரு மனிதர் தமக்குள் பேசிக்கொள்வதை அருகிலிருந்து கேட்பதுபோன்ற இசை அது.

இந்தத் தயக்கத்தைக் கணினி எப்படி அறியும்? 1983-இல் நடைமுறைக்கு வந்த 'மிடி' என்னும் முறையில், எந்தக் கட்டை, எந்நேரத்தில், எவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் எண்களாகின்றன. அழுத்தத்திற்கு மட்டும் 0 முதல் 127 வரை படிகள் உண்டு. 'குவான்டைஸ்' என்றொரு கட்டளையும் உண்டு. காலம் பிசகிய சுரங்களை எல்லாம் அது ஒரு நொடியில் வரிசையில் நிறுத்திவிடும். அணிவகுப்புக்கு அது நல்லது. தயக்கமே உயிர்மூச்சான இசைக்கோ அது பகை. ஆகவே இயற்றுபவர் ஒவ்வொரு சுரத்தையும் மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே மெலிய வேண்டும், எங்கே மிதியை அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் எனப் பலமுறை கேட்டுத் திருத்த வேண்டியவராகிறார்.

"விரல் நோகாமல் எழுதியது இசையாகுமா?" என்று கேட்போர் உளர். அவர்கள் பெர்லியோசை எண்ணிப் பார்க்கலாம். 1830-இல் தம் புகழ்பெற்ற 'ஃபான்டாஸ்டிக்' சிம்பொனியைப் படைத்த அந்தப் பிரெஞ்சு மேதைக்குப் பியானோ வாசிக்க வராது. மௌனத்தில், கட்டைகளின் பழக்கத்திற்கு அடிமையாகாமல் எழுதத் தமக்கு வாய்த்ததை அவர் ஒரு பேறாகவே கருதினார். நம் இளையராஜா 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேற்றிய 'வேலியன்ட்' சிம்பொனியில் அத்தனை கருவிகளையும் வாசித்தவர்கள் வேறு கலைஞர்களே. எனினும் அந்தச் சிம்பொனி அவருடையதே. எனவே படைப்பு விரலில் இல்லை. கேட்டுத் தெரிந்தெடுக்கும் உள்ளத்தில் இருக்கிறது.

அப்படியானால் கருவியால் வரும் இடர் ஒன்றுமே இல்லையா? தில்லையில் அரங்கேறிய பெரியபுராணம் கூறும் ஒரு நிகழ்ச்சி இங்கே நமக்கு உதவும். இன்றைய கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூரில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்து உடன் சென்றவர். பதிகத்தின் புகழுக்கு யாழே காரணம் என்று உறவினர் பேசக் கேட்டு வருந்திய அவர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடினார், யாழ் தோற்றது. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தரோ தடுத்து, கருவிக்குள் வந்த அளவில் இசைக்கச் சொன்னார்.

அன்று பாடல் கருவியை மிஞ்சியது. இன்று கருவி பாடலை மிஞ்சுகிறது. நம் உள்ளத்தில் உள்ளதைவிட மிகுதியாக அது தர வல்லது. இரண்டு வரி எழுதிக் கேட்டால், முழுப்படைப்பையே உருவாக்கித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. உடைத்துவிடத் தோன்றுவது இப்போது கருவியை அன்று. நம் சொந்தக் குரலை.

சிதம்பரத்தில் பயிலும் கடலூர் மாணவர் ஒருவர், தம்மை வளர்த்த பாட்டியின் நினைவாக 16 தாளப்பகுதிகள் கொண்ட ஒரு பியானோ இசையை எழுதினார். முடிவு வரவில்லை. கடைசி நான்கு பகுதிகளை ஒரு மென்பொருள் நிரப்பித் தந்தது. கேட்டவர் அனைவரும் அந்த முடிவையே வியந்து பாராட்டினர். அவர் நம்மிடம் வந்து, "சாமி, எல்லாரும் அழுத இடம் நான் எழுதாத இடம்" என்றார்.

இதில் குற்றம் எங்கே? உதவி பெற்றதில் குற்றமில்லை. பெற்ற உதவியைச் சொன்னால் உண்மை காக்கப்பட்டுவிடும். பொய்ச்சான்று கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளை அவ்வளவில் நிறைவேறும். ஆனால் அவரை வருத்தியது வேறொன்று. துயரத்தின் கடைசிச் சொல்லைத் துயரமே அறியாத ஒன்று சொல்லிவிட்டது. அறுவடைக் களத்தில் உழைப்போர் சொல்லின்றி எழுப்பும் மகிழ்வொலியைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் எழுதியுள்ளார். சொல்லில் அடங்காததை இதயம் ஈன்றெடுக்க முயலும் ஒலி அது என்பது அவர் கருத்து. ஈன்றெடுக்கும் நோவை மற்றொருவர் ஏற்க இயலுமா?

"அந்த நான்கு பகுதிகளில் ஒவ்வொரு சுரமும் ஏன் அங்கே இருக்கிறது என்று உம்மால் சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டோம். இரு வாரங்கள் கழித்து அவர் வேறொரு முடிவுடன் வந்தார். முன்னையதைவிட அது எளியது. பாட்டி மாலையில் மாதா பாட்டு முணுமுணுக்கையில் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் இசையும் நின்றுவிடுகிறது. முப்பதாம் நாள் வீட்டுச் செபத்திற்குப் பின் அதனை ஒலிக்கச் செய்தார். எவரும் வியக்கவில்லை, பாட்டியின் தங்கை மட்டும் தலை நிமிர்ந்து பார்த்தார்.

ஆகவே, "கருவியால் செய்ததா, கையால் செய்ததா?" என்பது நாம் கேட்க வேண்டிய வினா அன்று. "இதற்கு நான் பதில் சொல்வேனா?" என்பதே வினா. 'என் இசை' என்று ஒருவர் சொல்வது உரிமைப் பத்திரம் அன்று, ஒரு வாக்குறுதி. ஒவ்வொரு சுரத்தையும் நான் கேட்டேன், வேண்டாதவற்றை மறுத்தேன், எஞ்சியதற்கு நானே பொறுப்பு என்னும் வாக்குறுதி. அவ்வாக்குறுதியோடு கணினியில் எழுதியது, பிறர் நடையைச் சிந்தனையின்றிக் கைவிரலால் வாசித்துக் காட்டுவதைவிட உண்மையானது. வாக்குறுதி இல்லையேல், எவ்வளவு அழகானதும் இரவல் நகையே. அணிந்து மகிழலாம், பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க இயலாது.