வீதியும் விதியும்: வேகந் தணித்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறம் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் போர், வறுமை, ஆட்சி முதலாய பெரும்பொருள்களைப் பற்றியே எழுவன. ஒரு வீதியிலே வாகனங்கள் எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்னும் வினாவோ, பொறியியலாளரும் பொலிசாரும் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு நிருவாக விடயமாகவே கருதப்பட்டு வருகின்றது. ஆயின், ஒருவருடைய நேரத்தையும் மற்றொருவருடைய உயிரையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுக்கும் வினா சிறியதாதல் இயலாது. இலங்கையில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் 3,000 பேருக்கு மேல் வீதிகளிலே உயிரிழந்தனர். இவ்விழப்புகளை விதியென்று கூறி அமைதல் எளிது. வீதியிலே நிகழ்வன யாவும் விதியால் நிகழ்வனதாமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினாவைப் பொதுப்பட நோக்குவதிலும் ஓர் ஊரை முன்வைத்து நோக்குதல் பயன்தரும். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தின் ஊடாகச் செல்கின்றது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக வரும் ஏ 4 வீதியின் இறுதிக் கூறு இதுவாகும். ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிக்குடி என ஊர்கள் இவ்வீதியிலே மணிகள் போலக் கோக்கப்பட்டுள்ளன. நிலம் ஒடுங்கியதாதலின், ஊர்களைத் தவிர்த்துச் செல்லும் வேறொரு பெருவழிக்கு இடம் அரிது. எனவே செட்டிபாளையத்தைப் பொறுத்தவரை நெடுஞ்சாலையே ஊர்வீதியுமாகும். கடற்பக்கத்தில் வீடுடையோர் வாவிப்பக்கம் செல்வதாயின் அதனைக் கடந்தேயாக வேண்டும். பாடசாலைக்கும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் செல்வோர் நிலையும் இதுவே.

இதனால் அவ்வீதிக்கு இரண்டு பொருள்கள் உளவாகின்றன. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு விரையும் பிரயாணிக்கு அது ஒரு வழி. விரைவிற் கடக்கப்படுவதே அதன் பயன். செட்டிபாளையத்தில் வாழ்பவனுக்கோ அது ஓர் இடம். நிற்பதற்கும், பேசுவதற்கும், துவிச்சக்கர வண்டியை உருட்டிச் செல்வதற்கும் உரியது. ஒரே தார்ப்பரப்பின்மீது இவ்விரு உரிமைகளும் ஒருங்கே எழுதப்பட்டுள்ளன. வேகந் தணித்தல் பற்றிய விவாதம் எங்கெல்லாம் எழுகின்றதோ அங்கெல்லாம் மோதிக்கொள்வன இவ்விரு பொருள்களேயாம்.

இப்பிரதேசத்திலே வேகத்துக்குத் தனியானதொரு வரலாறும் உண்டு. போர்க்காலத்திலே கிழக்கின் வீதிகளில் வாகனங்களைத் தணித்தவை சோதனைச் சாவடிகளும் மண் மூடைகளும் பீப்பாய்த் தடைகளுமாம். இறங்கி நடக்குமாறு பணிக்கப்பட்ட மக்களுக்குத் தடை என்பது அச்சத்தின் மறுபெயராயிருந்தது. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் வீதிகள் அகலமும் வழவழப்பும் பெற்றன. தடையின்றி விரைதல் சமாதானத்தின் கண்கூடான பயனாகத் தோன்றியதில் வியப்பில்லை. மீண்டும் வீதியிலே மேடும் தடையும் வேண்டும் என்று ஒருவர் கூறுமிடத்து மற்றொருவர் முகஞ்சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆயின், அதிகாரம் தன் ஐயத்தினால் மக்கள்மீது சுமத்தும் தடை வேறு. ஒருவர்மீது ஒருவர் கொண்ட அக்கறையினால் மக்கள் தாமே ஏற்கும் கட்டுப்பாடு வேறு. முன்னையது சுதந்திரத்தைக் குறைப்பது. பின்னையது எளியோரின் சுதந்திரத்தை மிகுவிப்பது.

அறத்தை ஆராயுமுன் கணக்கினை அறிதல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது 8 மீற்றரைச் சற்றே விஞ்சுகின்றது. ஆபத்தைக் கண்ட சாரதி தடுப்பினை அழுத்துவதற்கு ஒரு செக்கன் கழிகின்றது என்றும், வீதி உலர்ந்துள்ளது, தடுப்பும் நன்னிலையில் உள்ளது என்றும் கொண்டால், முதலாவது வாகனம் நிற்பதற்கு ஏறத்தாழ 28 மீற்றரும் இரண்டாவது நிற்பதற்கு ஏறத்தாழ 13 மீற்றரும் வேண்டும். பதினான்கு மீற்றர் முன்னே ஒரு சிறுபிள்ளை ஓடிவருமாயின், மெதுவாக வந்த வாகனம் அப்பிள்ளையின் முன்னே நின்றுவிடும். விரைந்து வந்த வாகனமோ வேகஞ் சிறிதுங் குறையாத நிலையில் அவ்விடத்தை அடையும். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதாதலின், 50 கிலோமீற்றர் வேகத்து மோதல் 30 கிலோமீற்றர் வேகத்து மோதலிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு வன்மையுடையது. இவ்வளவையும் தவிர்ப்பதற்குப் பிரயாணி கொடுக்கும் விலை யாது? ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு 48 செக்கன்கள்.

இக்கணக்கைக் கேட்ட மாத்திரத்தே அதிகாரிகளை இரக்கமற்றவர்களாகக் கருதுதல் தவறாகும். அவர்கள் கூறுவதிலும் அறம் உண்டு. 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட வீதி அபிவிருத்தி அதிகார சபை நாட்டின் பெருவீதிகளுக்குப் பொறுப்புடையது. ஊரின் உள்வீதிகளும் ஒழுங்கைகளும் 1987ஆம் ஆண்டின் சட்டத்தின் வழிவந்த பிரதேச சபைகளைச் சார்ந்தன. பெருவீதி அதிகாரி பேசுவது, கூட்டத்திற்கு வந்திராத ஒருவனுக்காக. அவன் தூரத்து ஊரவன்; மீன் ஏற்றிச் செல்லும் வியாபாரி; மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நோயாளர் காவுவண்டியிற் கொண்டுசெல்லப்படும் பிரசவத் தாய். வேகத்தடை மேடு அத்தாயின் உடலையும் வருத்தும். அவளது நேரத்தையும் உண்ணும். ஒழுங்கான அளவின்றி, வெண்கோடிடப்படாது எழுப்பப்பட்ட மேடு இரவிலே மோட்டார் சைக்கிளில் வருவோனை வீழ்த்திவிடவுங் கூடும். காப்பதற்கென எழுப்பியதே கொல்லுமாயின் அதனை அறமென்று கொள்வது எங்ஙனம்?

ஊரவர் கூற்று இதனினும் சுருக்கமானது. ‘எங்கள் பிள்ளை வீதியைக் கடக்க வேண்டும்’ என்பதே அது. அதற்கு மறுமொழியாகப் பெரும்பாலும் எண்ணிக்கை கூறப்படும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே செல்கின்றனர்; ஒவ்வொருவரும் இழக்கும் செக்கன்களைக் கூட்டினால் பல மணித்தியாலங்கள் ஆகும்; ஆண்டுக் கணக்கிலே அது பெருந்தொகை. அதனோடு ஒப்பிடுமிடத்து, நிகழலாம் என்று அஞ்சப்படும் ஒரு விபத்து எவ்வளவினது? பெரும்பான்மையோரின் பெருநன்மையே அறம் எனக் கொண்ட பெந்தாம் முதலியோரின் பயன்பாட்டுக் கோட்பாட்டிலே இக்கேள்விக்கு இடமுண்டு.

இக்கூட்டற் கணக்கின் குறையை அமெரிக்க மெய்யியலாளரான ரி. எம். ஸ்கன்லன் 1998இல் வெளியிட்ட நூலொன்றிலே ஓர் உதாரணத்தால் விளக்கினார். உதைபந்தாட்டப் போட்டியொன்றைத் தொலைக்காட்சியிலே பலகோடிப் பேர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒளிபரப்பு நிலையத்தில் ஒரு தொழிலாளி கருவியொன்றின்கீழ் அகப்பட்டு மின்தாக்கத்தால் வருந்துகின்றான். அவனை உடனே மீட்பதாயின் ஒளிபரப்பைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். பார்ப்போரின் இன்பங்களை எல்லாம் கூட்டி, அத்தொகை அவன் துன்பத்தினும் பெரிதென்று கூறி, அவனை அங்ஙனமே விட்டுவிடலாமா? ஆகாது என்பதே ஸ்கன்லனின் முடிபு. கோடிப் பேர் சிறிது இழப்பர் என்பது மெய். ஆயின் அக்கோடியையும் ஒருங்கே இழப்பவன் எவனும் இல்லை. தொழிலாளியின் துன்பமோ முழுவதும் ஒருவனுடையது. வீதியின் கணக்கும் இத்தகையதே. ஆண்டு முழுவதும் இழக்கப்படும் மணித்தியாலங்களை அனுபவிப்பவன் எவனும் இல்லை. ஒவ்வொருவனும் இழப்பது 48 செக்கன்களே. பிள்ளையை இழக்கும் தாயின் இழப்போ எவரோடும் பங்கிடப்படாதது.

இதற்கும் ஒரு வலிய மறுப்பு உண்டு. அங்ஙனமாயின் வாகனங்களையே ஒழித்துவிட வேண்டாமா? எத்தகைய வேகத்திலும் ஓரளவு ஆபத்து உளது. சிறு சௌகரியங்களுக்காக எல்லோரும் அவ்வாபத்தை ஏற்றுக்கொண்டன்றோ வாழ்கின்றனர்? இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. இதற்கு விடை, ஆபத்து உளதா இலதா என்பதில் இல்லை. ஆபத்தைத் தாங்குபவன் யார், அதன் பயனை நுகர்பவன் யார் என்பதில் உளது. தன் பயனுக்காகத் தானே ஆபத்தை ஏற்பது ஒருவனது சுதந்திரம். தன் பயனுக்காகப் பிறனை ஆபத்துக்குள்ளாக்குவதாயின் அப்பிறனது சம்மதம் வேண்டும். இரும்பும் கண்ணாடியும் சூழ அமர்ந்திருப்போன் வேகத்தைத் தெரிவு செய்கின்றான்; துவிச்சக்கர வண்டியிற் செல்லும் முதியவர் அதன் விளைவைத் தாங்குகின்றார். அவரை எவரும் கேட்டதில்லை.

ஆயினும் ஊரவர் இவ்விடத்திலே வெற்றி கொண்டாடிவிட முடியாது. செட்டிபாளையத்திலே வாழும் ஒருவன் மறுநாட் காலையிலே மட்டக்களப்புக்குப் பஸ்வண்டியில் ஏறியதும், குருக்கள்மடத்துக்கும் கிரான்குளத்துக்கும் ஆரையம்பதிக்கும் அவனே பிரயாணியாகிவிடுகின்றான். தன் படலையின் முன் வேகம் குறையவேண்டும், பிறர் படலையின் முன் அது குறையலாகாது என்று அவன் கருதுவானாயின், அவன் கேட்பது நீதியன்று, சலுகையாகும். தான் கைக்கொள்ளும் விதியை எல்லோரும் கைக்கொள்ள வேண்டுமென்று ஒருவன் விரும்ப இயலுமா என்பதே கான்ற் காட்டிய உரைகல். அவ்வுரைகல்லிலே இக்கோரிக்கையை உரைத்துப் பார்த்தல் வேண்டும். இவ்வழியிற் பன்னிரண்டு ஊர்கள் உள எனவும், ஒவ்வோர் ஊரிலும் ஒரு கிலோமீற்றர் தூரம் வேகம் தணிக்கப்படும் எனவும் கொண்டால், முழுப் பிரயாணத்திலும் ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் கூடும். பிறர் பிள்ளைகளுக்காக அப்பத்து நிமிடங்களைத் தரச் சம்மதிப்பவனே தன் பிள்ளைக்காக 48 செக்கன்களைக் கேட்கும் தகுதியுடையவன். சாதாரண பிரயாணிக்கு அது தாங்கக்கூடிய விலை. நோயாளர் காவுவண்டிக்கு அங்ஙனமன்று; ஆதலின் தணிக்கும் முறையிலே வேறுபாடு வேண்டப்படுகின்றது. பெருவீதியிலே திடீர் மேடுகளுக்கு மாறாக, பாடசாலையும் கோயிலும் சந்தியும் உள்ள இடங்களிலே தெளிவான பாதசாரிக் கடவை, நடுவே நின்று செல்வதற்கு ஒரு திட்டு, வீதியின் அகலத்தைக் குறைத்துக் காட்டும் ஓரங்கள் என்பன அமையலாம். வேகத்தடை மேடுகள் உள்வீதிகளுக்கே பொருந்துவன.

தமிழர் மரபிலே வீதி விபத்தைப் பற்றிய பேரறக்கதை ஒன்று உளது. திருவாரூரிலே அரசிளங்குமரன் செலுத்திய தேரின் காலிலே ஒரு பசுங்கன்று தானே துள்ளிப் புகுந்து மாண்டது. மைந்தன் வேண்டுமென்று செய்தானல்லன். கழுவாய் போதுமென்று அமைச்சர் கூறினர். மன்னனோ அதனை ஏற்காது, தன் மைந்தனையும் தேர்க்காலில் இட்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் விரித்துரைத்த இக்கதை நடுவுநிலைமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுவது. எளிய உயிரின் தாய்க்கும் அரசனிடத்து நீதி கேட்கும் உரிமை உண்டென்பது அதன் பெருமை. எனினும் அந்நீதி கன்று இறந்த பின்னர் எழுந்த நீதியென்பது மனங்கொள்ளத்தக்கது. புராணத்திலே இறைவன் தோன்றிக் கன்றையும் மைந்தனையும் எழுப்பியருளினான். நெடுஞ்சாலையிலே அவ்வருள் எதிர்பார்க்கத்தக்கதன்று. சாரதியைச் சிறையிடுவதாலும், ஊரவர் திரண்டு வாகனத்துக்குத் தீயிடுவதாலும் மாண்ட உயிர் மீள்வதில்லை. குற்றவாளியைத் தேடும் நீதி ஒன்று. குற்றம் நிகழ்வதற்கு முன்னரே காக்கும் நீதி மற்றொன்று. வள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்திலே பின்னதையும் அரசன் கடமையாக வைத்தமை கருதத்தக்கது. பிள்ளை ஓடும், முதியவர் தடுமாறுவார், சாரதியின் கண் ஒருகணம் பிறழும். இவை மனித இயல்புகள். இயல்பான தவறொன்று மரணதண்டனைக்குரியதாகாதவாறு வீதியை அமைப்பதே முன்னின்று காக்கும் நீதி.

இது வெறுங் கற்பனையன்று. ஒருகாலத்திலே மட்டக்களப்புக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தரின் தாயகமான நெதர்லாந்திலே 1971ஆம் ஆண்டில் 3,000க்கு மேற்பட்டோர் வீதிகளில் மாண்டனர். அவருள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். அடுத்த ஆண்டு பெற்றோர்கள் ‘பிள்ளைக்கொலையை நிறுத்துங்கள்’ என்னும் பெயரிலே ஓர் இயக்கம் தொடங்கினர். விபத்தென்று வழங்கியதைக் கொலையென்று அவர்கள் பெயரிட்டமை, விதியின் கையிலிருந்த பொருளை மனிதப் பொறுப்பின்பாற் கொணர்ந்த செயலாகும். டெல்ஃப்ற் நகரத்துக் குடியிருப்பு வீதிகளிலே, வாகனம் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும் ‘வாழ்முற்றம்’ என்னும் அமைப்புத் தோன்றியது. 1976இல் அதற்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. அந்நாட்டு அதிகாரிகளும் தொடக்கத்தில் வேகத்தையே முன்னேற்றமாகக் கருதியவர்களே. 2020இல் ஸ்டொக்ஹோமிலே கூடிய உலக மாநாடு, மக்களும் வாகனங்களும் கலந்து இயங்கும் இடங்களுக்கு 30 கிலோமீற்றர் வேகவெல்லையைப் பரிந்துரைத்தது. ஒரு தலைமுறையிலே பெற்றோரின் கூக்குரலாயிருந்தது மறுதலைமுறையிலே நாடுகளின் கொள்கையாயிற்று.

இனி, இத்தகைய விவாதங்கள் நிகழும் அவைகளைப் பற்றியும் ஒன்று கூறற்பாலது. ஊர்க்கூட்டத்திலே முன்வரிசையில் அமர்வோர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலோ காரிலோ வந்தவர்கள். தலைச்சுமையோடு வீதியோரம் நடக்கும் பெண்ணும், பாடசாலை விட்டு ஓடிவரும் பிள்ளையும், செவிப்புலன் குன்றிய மூதாட்டியும் அங்கு வருவதில்லை. தூரத்து நோயாளியும் வருவதில்லை. வந்திருப்போர் தம் வசதிக்காக வாதாடும் அவையிலே எண்ணிக்கையே வெல்லும். வராதோர் சார்பிற் பேசும் அவையிலேதான் அறம் வெல்லும். அதிகாரி நோயாளிக்காகவும் ஊரவர் பிள்ளைக்காகவும் பேசுவாராயின், இருவரும் எதிரிகளல்லர். ஒரே கடமையின் இரு பாதிகளைத் தாங்கி நிற்பவர்கள். அவ்வுணர்வு தோன்றுமிடத்து, மேடு எங்கே, கடவை எங்கே என்பன தீர்க்கக்கூடிய வினாக்களாகிவிடும். ஓர் ஊர் தன்னூடாகச் செல்லும் அந்நியனுக்கு வழிவிடுவது விருந்தோம்பலின் பாற்படும். அவ்வழியாற் செல்லும் அந்நியன் தன் வேகத்தைத் தணித்துக்கொள்வது அவ்விருந்தோம்பலுக்கு அவன் செலுத்தும் மரியாதையாகும்.