பழைய இதழ்களும் பொருள்வரைதலும்

பொருள்வரைதல் என்னும் அணுவிரதத்தை ஏற்ற சிராவகர் நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், பாத்திர பண்டங்கள் ஆகியவற்றிற்கு எல்லை வகுத்துக்கொள்கின்றார். அலமாரியில் அடுக்கி வைத்துள்ள பழைய இதழ்களை எக்கணக்கில் எழுதுவார்? பெரும்பாலோர் எக்கணக்கிலும் எழுதுவதில்லை. அறிவு தரும் பொருளுக்கு வரையறை எதற்கு என்பர். இவ்விடை எளிதில் ஏற்கத்தக்கதன்று.

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் 1940ஆம் ஆண்டு காந்தி நிகேதன் ஆசிரமம் நிறுவப்பெற்றது. தஞ்சையிற் பிறந்த ஜே.சி. குமரப்பா தம் இறுதியாண்டுகளில் அங்கே வாழ்ந்தார். 1960 ஜனவரி 30இல் மறைந்தார். 1934இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கத்தை வார்தாவில் நடத்தியவர் அவரே. அச்சங்கத்தின் மாத இதழான ‘கிராம உத்யோக் பத்திரிகா’வின் ஆசிரியரும் அவரே. செக்கெண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் முதலிய தொழில்களைச் சங்கம் வளர்த்தது. (தேனீ வளர்ப்பும் அவற்றுள் ஒன்று, தேன் நமக்கு விலக்கு என்பதால் அதனை இவண் விரிக்கவில்லை.)

இத்தகைய எண்ணம் மேலைநாட்டிலும் எழுந்ததுண்டு. 1880களில் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் முதலியோர் வளர்த்த கலை-கைவினை இயக்கம், இயந்திரம் குவிக்கும் மலிவுப் பண்டங்களை வெறுத்துக் கைத்தொழிலைப் போற்றியது. லண்டனில் 1893இல் தோன்றிய ‘ஸ்டூடியோ’, அமெரிக்காவில் 1901 முதல் 1916 வரை வெளிவந்த ‘கிராஃப்ட்ஸ்மேன்’ ஆகிய இதழ்கள் அக்கொள்கையைப் பரப்பின. மாரிஸின் அச்சகமோ 1896இல் சாசரின் கவிதைத் தொகுதியைத் தாளில் 425 படிகளும், கன்றின் தோலில் 13 படிகளும் அச்சிட்டது. உழைப்பின் தூய்மை பேசிய மனையிலும் கொலைப்பொருள் நுழைந்தது என்பதை நம்மவர் மனங்கொள்ள வேண்டும்.

வேண்டாப் பொருளைக் குறைப்பீர் என்று சொன்ன அவ்விதழ்களே இன்று சேகரிப்போர் விலை கொடுத்துத் தேடும் பொருள்களாயின. இது நகைப்பிற்குரியதாயினும், சேகரிப்பவரை உடனே பழித்தல் நேரன்று. பரிக்கிரகம் என்பது பொருளன்று, அதன்மேல் எழும் மூர்ச்சையே என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகின்றது. அனைத்தும் துறந்த முனிவருக்கும் பீலி, கமண்டலத்தோடு சாத்திரமும் உபகரணமாக உண்டு. இதழ் சாத்திரமாகுமோ எனில், ஆகாது. ஆயினும் செக்கின் அமைப்பையோ காகிதம் செய்யும் முறையையோ கற்க உதவுமிடத்து அதுவும் அறிவிற்குக் கருவியே.

மூர்ச்சை எங்கே தொடங்குகின்றது? நாற்பது இதழ் வைத்திருப்பவர் நாற்பத்தொன்றாவதைத் தேடுவது அதிலுள்ள கட்டுரைக்காகவா, வரிசையில் இடைவெளி இருப்பதற்காகவா? இரண்டாவதாயின் அவர் படிப்பவர் அல்லர். அவ்விதழில் யாது உள்ளது என்றும் அறியார். இல்லாமை ஒன்றே அவரை வருத்துகின்றது. பிறர் கேட்டால் கை பட்டால் கிழியும் என்று மறுப்பார். அறிவைப் பகிராது மறைப்பதும் ஞானாவரணீயக் கர்மம் கட்டுதற்குக் காரணம் எனப் பெரியோர் கூறியுள்ளனர். மறுபுறம், தந்தையார் காத்தவற்றை மைந்தர் எடைக்குப் போடுவதும் அறிவிற்குச் செய்யும் ஊறே. ஆதலின் வைத்திருப்பினும் பிழை நேரலாம், எறியினும் பிழை நேரலாம்.

இதனினும் கடினமானது பூச்சி. பழந்தாளைக் காக்கச் செல்லையும் இராமபாணத்தையும் மருந்திட்டுக் கொல்பவர் சிறு விரதம் ஒன்றிற்காகப் பெருவிரதத்தை இழக்கின்றார். திகம்பர மரபில் சுருத பஞ்சமியன்று நூல்களை எடுத்துத் துடைத்துப் புதுத்துணியிற் கட்டுவர். வசம்பும் வேப்பிலையும் பூச்சியை அண்டவிடாமல் விலக்கும். அடிக்கடி திறக்கப்பெறும் கட்டில் பூச்சி குடியேறுவதும் அரிது.

எனவே, ஆண்டிற்கொருமுறை தம் கையாலேயே புரட்டித் துடைக்க இயலும் அளவையே எல்லையாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. முதுமையில் அவ்வெல்லை சுருங்குமே என வினவலாம். சுருங்கத்தான் செய்யும், மிகுந்தவற்றை அவ்வப்போது ஊர் நூலகத்திற்கோ, அத்தொழிலைப் பயிலும் மாணாக்கர்க்கோ அளித்துவிடலாம்.