வேலியும் பயிரும்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பழமொழி. தில்லியில் எங்கள் அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாழும் தஞ்சைக் குடும்பத்துப் பெண்ணொருத்திக்கு வந்திருப்பது மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் என மருத்துவர் உரைத்தபோது, அவள் தந்தையாருக்கு நான் கூறிய ஆறுதலும் இதுவே. “உடம்பின் காவற்படையே துரோகம் செய்தால் நாம் என்ன செய்வது?” என்றேன். அருகிலிருந்த அப்பெண், “அது துரோகந்தானா மாமா?” என்றாள். விடையின்றி வீடு திரும்பினேன்.

பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தனி நோயாக விளக்கியது 1868-இல். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளுக்கு, மின்கம்பிக்கு உறை அமைந்தாற்போல, மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. வெள்ளணுக்களுள் டி அணுக்கள் என்னும் வகையின குருதியிலிருந்து மூளைக்குள் புகுந்து, அவ்வுறையைப் பகையெனக் கொண்டு தாக்குகின்றன. உறை சிதைந்த இடத்தில் நரம்புச் செய்தி தடுமாற, பார்வை மங்குகிறது, கால் தளர்கிறது.

டி அணுக்களே முதற் குற்றவாளிகள் என்று நெடுங்காலம் கருதினர். பி அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தினால் மூளையில் புதிய அழற்சித் தடங்கள் பெரிதும் குறைந்தன என்னும் ஆய்வு 2008-இல் வெளிவந்த பின்னரே அவற்றின் பங்கும் தெளிவாயிற்று. கோப்பில் ஒருவர் பெயரை எழுதி விசாரணையை முடித்துவிடும் அவசரம் எங்கள் அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று போலும்!

நிற்க. துரோகம் என்பது அறிந்து செய்வதல்லவா? நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் டி அணுக்கள் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலை வன்மையாகப் பற்றுபவை பெரும்பாலும் அங்கேயே அழிகின்றன, சில தப்பிவிடுகின்றன. மயலினைத் தாக்கவல்ல டி அணுக்கள் நோயற்றவர் குருதியிலும் காணப்படுகின்றன. என் குருதியிலும் இருக்கலாம். இதனைப் படிக்கும் தங்கள் குருதியிலும் இருக்கலாம். அத்தகையவற்றை அடக்கிவைக்கும் டி அணுக்களும் உண்டு. அவற்றை ஆராய்ந்த சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளைக் கொண்ட ஆய்வொன்று 2022-இல் வெளியாயிற்று. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய்க்கான வாய்ப்பு 32 மடங்காகிறது என்றது அது. ஆயினும் அவ்வைரஸ் தொற்றியவருள் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. அவ்வைரஸின் புரதமொன்றின் சிறு பகுதி நரம்பு மண்டலத்துப் புரதமொன்றை ஒத்திருப்பதையும், நோயாளிகள் சிலரிடம் ஒரே எதிர்ப்பொருள் இரண்டையும் பற்றுவதையும் அவ்வாண்டே கண்டனர். பகைவனின் அடையாளத்தை மறவாத காவலன், அதே சாயலுடைய வீட்டாரை அடிக்கிறான். இதனை ஆள்மாறாட்டப் பிழை எனலாம். துரோகம் எனல் தகாது.

அப்படியானால் காவலரை உள்ளே விடாமலே தடுத்துவிடலாமே? 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நட்டாலிசுமாப் அதைத்தான் செய்தது. நோய் தணிந்தது. ஆனால் பலர் உடலில் உறங்கிக்கிடக்கும் ஜேசி வைரஸ், காவலற்ற மூளையிற் புகுந்து சிலரைத் தாக்கிற்று, உயிரும் பறிபோயிற்று. 2005 பிப்ரவரியில் நிறுத்தப்பட்ட அம்மருந்து, 2006-இல் கடுங்கட்டுப்பாடுகளுடன் மீண்டது. வேலி மேய்ந்தது என்று வேலியைப் பிடுங்கியவர் கண்டது இது.

இவற்றையெல்லாம் அப்பெண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், “இதை அப்பாவிடம் சொல்லுங்கள் மாமா. எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று தினமும் கோயிலில் கேட்டுக்கொண்டிருக்கிறார்” என்றாள்.

அன்று மாலை மலை மந்திர்ப் படிகளில் அவரோடு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.