மணி அடித்தால் எல்லாரும் ஓட வேண்டுமா?

கணினியை எதிர்த்து ஆடும் போர் விளையாட்டுகளில் பலர் கடைசிப் போர் வரை போவதே இல்லை. முதல் தாக்குதலிலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

1999இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ வழக்கமாக மூன்று குடியானவர்களோடும் குதிரையேறிய ஓர் ஒற்றனோடும் தொடங்கும். கையில் 200 உணவு. இன்னொரு குடியானவர் வேண்டுமென்றால் 50 உணவு, அடுத்த யுகத்துக்குப் போக 500. ஆகவே ஆடு அறுப்பதும் பழம் பறிப்பதும் மரம் வெட்டுவதுமாகத்தான் தொடக்கம் கழியும். அந்த நேரம் பார்த்து முரட்டுக் கணினி நாலைந்து வீரர்களை அனுப்பிவிடும்.

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறையில் அக்காவின் மகன் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மரம் வெட்டும் இடத்தில் எதிரியின் சிவப்புப் படை நுழைந்ததும் அவன் எல்லாரையும் உள்ளே அழைக்கும் ஊர்மணியை அழுத்தினான். மரம் வெட்டியவர்கள் மட்டுமல்ல, பழம் பறித்தவர்களும், ஆபத்தே இல்லாத மூலையில் பொன் தோண்டியவர்களும் நகர மண்டபத்துக்குள் ஓடினார்கள். உள்ளிருந்து அம்புகள் பறந்தன. “ஒரு ஆளும் சாகல மாமா” என்றான் பெருமையாக. மேலே உணவுக் கணக்கு அசையாமல் நின்றது. நாலு பேர் வந்து ஓர் ஊரின் வேலையையே நிறுத்திவிட்டார்கள்.

தேர்ந்த ஆட்டக்காரர் ஒற்றனை முன்பே சுற்றவிட்டு, எதிரி வரக்கூடிய வழியில் மரவேலி போடுவார். தாக்கப்பட்ட இடத்து ஆட்களை மட்டும் உள்ளே இழுப்பார். மற்றவர்கள் கோடாரியைக் கீழே வைப்பதில்லை. எதிரி அனுப்பும் ஒரு காலாளுக்கு உணவும் பொன்னும் செலவு. ஒரு குடியானவரின் விலையை விட அது கூடுதல். நம் வேலை நிற்காதவரை அந்தச் செலவு அவன் தலையில்தான்.

வேலை நிற்கக்கூடாது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உழைப்பதும் ஆபத்து. அதற்கு ஊவாவிலேயே சாட்சி இருக்கிறது. 1869இல் மடூல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடியாக இலைத்துரு நோய் தலைகாட்டியது. விளைச்சல் இறங்கியது, ஆனால் விலை ஏறியது. விலையைப் பார்த்த தோட்டத் துரைமார் மேலும் காடு வெட்டிக் கோப்பியையே நட்டார்கள். 1880களில் கோப்பி சரிந்தது. நோய் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக் காலத்தில் யாரும் பெரிதாக எண்ணாத அந்தப் பயிர்தான் பிறகு மலைநாட்டைத் தாங்கியது. கோப்பிக்காகக் கொண்டுவரப்பட்டுத் தங்கிவிட்ட எங்கள் ஆட்களின் கைகள் கொழுந்துக்கு மாறின.

தோட்ட லயத்து வீடுகளிலும் இந்த மணி அடிப்பதுண்டு. சாதாரண தரப் பரீட்சையில் பிள்ளை கணக்கில் தவறினால் அன்றிரவே முடிவாகிவிடுகிறது: “படிச்சது போதும், கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிருவோம்.” தவறியது ஒரு பாடம், நிற்பது படிப்பு முழுவதும். பெற்றோரைக் குறை சொல்வது சுலபம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று வாழும் வீட்டில் கையிருப்பு ஏது? அவர்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதலாம். பகலில் வேலை, மாலையில் கணக்கு வகுப்பு என்று ஒரு வருடத்தை ஓட்டவும் முடியும். பிள்ளை வேலைக்குப் போவதும் படிப்பை விடுவதும் ஒன்றல்ல.

அடி விழுந்த பிறகு யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது. எது போனாலும் எது நிற்கக்கூடாது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். விடை வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் அது பிள்ளையின் மாலை வகுப்பு. இன்னொரு வீட்டில் மாதச் சீட்டுக் காசு, அல்லது லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறிப் பாத்தி. அந்த ஒன்றைத் தொடர விட்டுவிட்டு, மற்றதற்கெல்லாம் தாராளமாக மணி அடிக்கலாம்.